புகார் சொன்னால் வேலை போகாது என்று யார் உறுதி தருவது?

ஆர்.கே.பேட்டை வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில் பெண்களும் வேலை செய்கிறார்கள். அங்கே ஒருவருக்குத் தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்வது? பெரிய கம்பெனிகளில் ஒதுக்கப்படுவோருக்காக ஊழியர்களே நடத்தும் குழுக்கள் உண்டு. அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் 1970 வாக்கில் கறுப்பின ஊழியர்கள் ஒன்றுகூடியது அவற்றுக்கு முன்னோடி. நமக்கான பாடமோ திண்டுக்கல்லில் இருக்கிறது.

2021 ஜனவரியில், அங்குள்ள நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையில் 2013 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராட்டத்தில் இறங்கியது. 2022 ஏப்ரலில் ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் அந்தச் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆடை வாங்கும் எச்&எம், கேப், பிவிஎச் நிறுவனங்களும் அதை அமல்படுத்தும் பொறுப்பைத் தனித்தனியே ஏற்றன.

பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் சேர்த்தே அந்த ஒப்பந்தம் தடுத்தது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து சங்கம் பயிற்சி கொடுத்தது. டார்கெட் முடியவில்லை என்று சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் கத்தினால், அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர் அதே லைனில் தைத்துக்கொண்டிருந்த பெண். ஒப்பந்தத்தை ஆலை மீறினால் ஆர்டருக்கே ஆபத்து என்ற நிலையும் இருந்தது. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் வெறும் காகிதமாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் ஆண்டில் வந்த 185 புகார்களில் 182 தீர்க்கப்பட்டதாக அறிக்கை வெளியானது.

நம்மூர் தறிக்கூடத்துக்கு எச்&எம் வரப்போவதில்லை. ஆனால் சட்டம் இருக்கிறது. பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013இன்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைவான ஆட்கள் உள்ள கூடங்களில் எழும் புகாரையும், முதலாளி மீதே வரும் புகாரையும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்க வேண்டும். வட்டந்தோறும் நியமிக்கப்படும் தொடர்பு அதிகாரி, புகாரை 7 நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாதவருக்குக் குழுவினர் புகாரை எழுத உதவ வேண்டும்.

அந்தத் தொடர்பு அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஆர்.கே.பேட்டை வட்டாட்சியர் அலுவலகச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தறிப் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகாரைக் கொடுத்துவிட வேண்டும்.