தின்ற மிச்சம்

ஸ்லைடில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. ஸ்டெயினைச் சரியாக வடிகட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வேறு ஸ்மியர் போட எழுந்தேன். 1988-ஆம் வருஷம். பெங்களூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அது எனக்கு முதல் மழைக்காலம். கிருஷ்ணகிரியிலிருந்து டிப்ளமா முடித்த கையோடு வந்திருந்தேன். எங்கள் சீனியர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். என் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"அழுக்கு இல்லம்மா இது. தின்னுட்டுப் போட்ட மிச்சம். மிச்சம் கிடந்தா தின்னவனும் பக்கத்துலதான் இருப்பான். தேடு."

தேடினேன். ஆயில் லென்ஸில் நாலைந்து ஃபீல்டு தள்ளியதும் மாட்டியது. வாழைப்பழம் போல வளைந்த ஒரு உருவம், நடுவில் அதே கறுப்புப் பொட்டுகள். ஃபால்சிபேரம் மலேரியாவின் பிறை. மங்களூரில் கட்டட வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய ஒரு பையனின் ரத்தம் அது.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஸ்மியர் பார்த்தேன். அந்தக் கறுப்புப் பொட்டு என்னை விடவே இல்லை. மலேரியாவைப் பற்றி யார் கேட்டாலும் நான் கொசுக்கடியில் ஆரம்பிப்பதில்லை, சாப்பாட்டில்தான் ஆரம்பிப்பேன். கொசுவும் சரி, அதனுள் இருக்கும் ஒட்டுண்ணியும் சரி, இரண்டுக்கும் சாப்பாடு நம் ரத்தம். அதைச் செரிப்பது எளிதில்லை.

மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்ததும் அங்கே நிறைந்திருக்கும் ஹீமோகுளோபினைத் தின்ன ஆரம்பிக்கிறது. பிளாஸ்மெப்சின், ஃபால்சிபெயின் என்று அதற்கென்றே நொதிகள் உண்டு. புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவது அவற்றின் வேலை. ஆனால் ஹீமோகுளோபினின் நடுவில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஹீம் என்ற பகுதி அந்த வெட்டுக்கு மசியாது. சும்மா விட்டால் ஒட்டுண்ணியையே கொல்லும் நஞ்சு அது. அதனால் ஒட்டுண்ணி அதை ஒன்றோடொன்று கோத்துப் படிகமாக்கி ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கிறது. நான் பார்த்த கறுப்புப் பொடி அந்தப் படிகம்தான், ஹீமோசோயின் என்பார்கள். ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் கொடுத்த குளோரோகுயின் மாத்திரை இந்தப் படிகம் கட்டும் வேலையைத்தான் தடுத்தது. ஒதுக்க வழியில்லாமல் போனால், தின்ற சோறே அதற்கு விஷம்.

கொசுவுக்கும் இதே கஷ்டம் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மழைக்காலக் காலையில் குளியலறைச் சுவரில் வயிறு புடைத்து ஒட்டியிருந்த ஒரு கொசுவை டெஸ்ட் டியூபில் பிடித்தேன். பஞ்சை நனைத்து வாயை அடைத்து, கையிலிருந்த லென்ஸ் வழியாக மூன்று நாள் பார்த்தேன். கால்களில் வெள்ளை வளையம், டெங்கு பரப்பும் ஏடிஸ் வகை. முதலில் வயிறு மாதுளை முத்து மாதிரி பளபளவென்று சிவந்திருந்தது. வாலோரத்தில் ஒரு துளி தெளிந்த நீர் திரண்டு விழுந்தது, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. குடித்த ரத்தம் ஏறக்குறைய அதன் உடம்பின் எடைக்குச் சமம். அந்தப் பாரத்தோடு பறக்க முடியாதென்று தண்ணீரையும் உப்பையும் உடனே வெளியே தள்ளிவிடுகிறது. மறுநாள் சிவப்பு கறுத்து அரக்கு நிறமானது. அதற்கும் மறுநாள் வயிற்றின் முன்பாதியில் மட்டும் கறுப்பு நின்றது, பின்பாதி வெளுத்துப் பருத்திருந்தது. அந்த வெளுப்பு முட்டை. என் வீட்டில் யாருடைய ரத்தமோ கண்ணெதிரே முட்டையாக மாறிக்கொண்டிருந்தது.

ஆண் கொசு ரத்தம் குடிப்பதில்லை. பெண்ணுக்கு முட்டை வைக்கப் புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைப் பிரிப்பது முக்கியமாக ட்ரிப்சின். நாம் சாப்பிடும் பருப்பையும் முட்டையையும் செரிக்க நம் கணையம் சுரப்பதும் இந்த இனத்து நொதிதான். ஏடிஸ் கொசு எல்லா ட்ரிப்சினையும் ஒரே மூச்சில் சுரந்துவிடுவதில்லை. ரத்தம் வந்த சில மணி நேரத்துக்குள் பதம் பார்ப்பது போலக் கொஞ்சம் வரும். வந்தது முழுச் சாப்பாடுதான் என்று தெரிந்த பிறகு பெரிய அளவில் வரும். ஏறத்தாழ ஒரு நாளில் அது உச்சத்தைத் தொடும். அதற்குள் கொசு இன்னொரு காரியமும் செய்து முடித்திருக்கும். குடித்த ரத்தத்தைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றை நெய்து பொட்டலம் கட்டிவிடும். இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின்தான் அந்தச் சவ்விலும் இருக்கிறது.

அந்த ரத்தத்தில் மலேரியாவின் பிறைகள் இருந்தால் என்ன ஆகும்? கொசு அனாபிலிஸ் இனமாக இருக்க வேண்டும். நகரங்களில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் ஸ்டீபன்சை வகை அதில் முக்கியமானது. மனித உடம்பின் சூட்டிலிருந்து கொசு வயிற்றின் குளிர்ச்சிக்கு வந்த கால் மணி நேரத்துக்குள் பிறைகள் சிவப்பணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. அவற்றில் ஆணும் பெண்ணும் கூடி, அந்தக் கரு ஒரு நாளுக்குள் ஊர்ந்து போகும் புழு வடிவம் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் சுற்றிலும் ட்ரிப்சின் ஏறிக்கொண்டே வருகிறது. பாதி வளர்ந்தவை செரிமானத்தில் கரைந்து போகின்றன. ஆயிரக்கணக்கில் உள்ளே போனாலும் கடைசியில் தப்புவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான். மலேரியாவின் முழு வாழ்க்கையிலும் அது இவ்வளவு இளைத்துப் போகும் இடம் வேறில்லை.

தப்பிய சிலவற்றுக்கு எதிரே சவ்வு நிற்கிறது. கைட்டினை அறுக்க ஒட்டுண்ணியிடம் கைட்டினேஸ் என்ற நொதி இருக்கிறது. கோழிகளைத் தாக்கும் மலேரியாவில் செய்து 1993-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஒட்டுண்ணியின் கைட்டினேஸ் உறைக்குள் இருக்கும் கத்தி மாதிரி மூடிய நிலையில்தான் வெளியே வருகிறது. உறையைக் கழற்றுவது கொசுவின் ட்ரிப்சின். தன்னைக் கரைக்க வந்த நொதியையே வைத்து ஒட்டுண்ணி தன் கத்தியைத் தீட்டிக்கொள்கிறது. கைட்டினேஸை முடக்கும் மருந்தை ரத்தத்தோடு கலந்து கொடுத்தபோது, கொசுவின் குடலைத் தாண்ட ஒட்டுண்ணியால் முடியவில்லை.

தாண்டியது குடலின் வெளிச்சுவரில் ஒட்டி உருண்டையாக வளர்கிறது. இந்த உருண்டையை முதலில் கண்ட ரொனால்ட் ராஸ் எங்கள் ஊரிலும் இருந்தவர். 1883-ல் பெங்களூர் ராணுவ மருத்துவராக இருந்தபோது, தன் ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியில்தான் கொசு பெருகுகிறது என்று கவனித்து அதைக் கவிழ்த்துவிட்டார். மற்ற தொட்டிகளையும் கவிழ்க்கலாமா என்று கேட்டதற்கு, இயற்கையின் ஒழுங்கில் கைவைக்கக் கூடாது என்று படை அதிகாரி ஒருவர் மறுத்துவிட்டாராம். பதினாலு வருஷம் கழித்து, 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், வியர்வை பட்டுத் துருப்பிடித்த திருகாணிகள் உள்ள மைக்ராஸ்கோப்பில், ஹுசைன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றைப் பிரித்தார். குடல் சுவரில் வட்டமான செல்கள். அவை கொசுவுடையவை என்று அவர் ஏன் ஒதுக்கவில்லை? உள்ளே கறுப்புப் பொட்டுகள் இருந்தன. நோயாளிகளின் ரத்தத்தில் அவர் ஆயிரம் தடவை பார்த்துப் பழகியவை. எங்கள் சீனியர் சொன்ன அதே கணக்கு. மனித ரத்தத்தில் தின்ற மிச்சத்தைச் சுமந்துகொண்டே ஒட்டுண்ணி கொசுவுக்குள் வந்திருந்தது.

இந்தக் கதையின் அடுத்த பாகம் பெங்களூரிலேயே நடந்தது. ஆட்டோக்காரர்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் கோ. பத்மநாபன் இருந்தார். சென்னையில் பிறந்தவர், 1994 முதல் 1998 வரை அதன் இயக்குநர். அவரும் நமிதா சுரோலியாவும் 1992-ல் ஒரு புதிரை முன்வைத்தார்கள். மலேரியா ஒட்டுண்ணி தனக்கு வேண்டிய ஹீமைத் தானே தயாரிக்கிறது. குப்பையாகக் கொட்டும் அளவுக்கு ஹீம் சுற்றிலும் கிடக்கையில் எதற்காகத் தயாரிக்க வேண்டும்? வீட்டு வாசலில் நெல் குவிந்து கிடக்க, கைப்பிடி அரிசிக்கு வயல் உழுவது போல.

விடை 2013-ல் வந்தது. பத்மநாபனின் குழு எலி மலேரியாவில் ஹீம் தயாரிக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டுப் பார்த்தது. எலியின் ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணி வழக்கம்போலவே வளர்ந்தது. கொசுவுக்குள் போனதும் படுத்துவிட்டது. உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய வித்துகள் உருவாகவில்லை. குடல் சுவருக்கு அந்தப் பக்கம் தின்பதற்கு ஹீமோகுளோபின் ஏது? அங்கே தன் கையால் சமைத்தால்தான் சாப்பாடு. எலியின் கல்லீரல் கட்டத்திலும் அப்படித்தான். ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணியையே பார்த்துவந்த எங்களைப் போன்றவர்களுக்கு, கொசுவின் வயிற்றையும் பார் என்று சொன்ன ஆய்வு அது. அதற்குரிய கவனம் அதற்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

போன மாதம் கீழ் வீட்டு ரேவதி தன் நீல ட்ரம்மைப் பார்க்கக் கூப்பிட்டாள். காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது, பிடித்து வைக்காமல் முடியாது. "புழு நெளியுதுக்கா. டெங்கு கொசுவா?" என்றாள். வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வெளிச்சத்தில் வைத்தேன். ஏழெட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஏடிஸ், க்யூலெக்ஸ் எல்லாம் அப்படித்தான் தொங்கும், வாலில் மூச்சுக்குழாய் உண்டு. ஒன்று மட்டும் நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுக்கையாகக் கிடந்தது. அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது.

"இது ஏன்க்கா படுத்திருக்கு?" என்று குனிந்து பார்த்தாள்.

தண்ணீர் முழுவதையும் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, ட்ரம்மை உள்ளே நார் போட்டுத் தேய்த்தோம். புதுத் தண்ணீர் பிடித்ததும் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வாயை மூடி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினோம்.