ஏறிய எண்ணெய் இறங்க வேண்டும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் உள்ளது பொம்மசந்திரா. தொழிற்சாலைகள் நிறைந்த இவ்வூருக்குப் பிழைப்பு நாடி வந்து குடியமர்ந்த தமிழன்பர்கள் பலர். அவர்களுள் ஒருவரான நம் நண்பரைக் காணச் சென்றிருந்தோம். அவருடைய தந்தையார் விட்டுச் சென்ற பழைய அம்பாஸிடர் கார் கொட்டகையில் நின்றது. காலையில் கிளப்பியதும் நீலப் புகையைக் கக்கிற்று. சிறிது நேரத்தில் அடங்கிற்று. "எஞ்சின் தேய்ந்துவிட்டது, ரீபோர் செய்யுங்கள், இல்லையேல் பழைய இரும்புக்குப் போடுங்கள்" என்று ஒரு பட்டறையில் கூறிவிட்டனராம். நண்பர் மனம் சோர்ந்திருந்தார்.

நாம் அகராதியோடு உறவாடுபவரே அன்றிப் பொறிவல்லார் அல்லோம். ஆயினும், ஓசூரிலிருந்து வந்த முதிய மெக்கானிக் ஒருவர் அன்று விளக்கியதை நேயர்களும் அறிதல் நன்று.

1957-இல் அம்பாஸிடர் வெளிவந்தபோது, அதன் வால்வுகள் சிலிண்டர்களின் பக்கத்தில், பிளாக்கிலேயே இருந்தன. சிலிண்டர் ஹெட் வெறும் மூடியே. எண்ணெய் அங்கு ஏறுவதில்லை. 1959-இல் 1489 சி.சி. எஞ்சின் வந்தது. வால்வுகள் ஹெட்டிற்கு மாறின. அவற்றை அசைக்கும் ராக்கர்களுக்கு எண்ணெய் வேண்டுமன்றோ? பம்பு அதனை மேலே ஏற்றுகிறது.

ஏற்றுவதற்குப் பம்பு உண்டு, இறக்குவதற்கு இல்லை. மேட்டு வயலுக்கு இறைத்த நீர் தானே வடிவதுபோல, எண்ணெயும் புஷ்ராடுகள் இயங்கும் துளைகளின் வழியே வடிந்து, அடியிலுள்ள சம்பை அடைய வேண்டும். அவ்வழியில் கசண்டு படிந்தால் எண்ணெய் ஹெட்டில் தேங்கும்; தேய்ந்த வால்வு கைடுகளின் வழியே சிலிண்டருக்குள் கசிந்து எரியும். அதுவே நீலப் புகை. அதனினும் கொடிது, சம்பில் எண்ணெய் குறைந்து பேரிங்குகள் வறள்வது.

கசண்டு எவ்வாறு சேர்கிறது? கடைவீதி வரை சென்று திரும்பும் குறும்பயணங்களில் எஞ்சின் போதிய அளவு சூடேறுவதில்லை. உள்ளே தங்கிய நீராவி குளிர்ந்து, எண்ணெயோடு கலந்து குழம்பாகிறது. மூச்சுக்குழாய் அடைபட்டாலோ, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிய வாயு அதே துளைகளின் வழியே மேலெழுந்து, இறங்கும் எண்ணெயைத் தடுக்கிறது.

நோயறிய ஒரு வழி உண்டு. காலையில் மட்டும் புகைந்து அடங்கினால் முதலில் ஹெட்டைப் பார்க்க வேண்டும். மேடேறும்போதும் ஓயாது புகைந்தால் ரிங்குகளை ஐயுறலாம்.

முதியவர் ராக்கர் மூடியைக் கழற்றினார். கசண்டைக் கரைப்பானால் கழுவித் தள்ளவில்லை. அவ்வாறு செய்தால் அது சம்பின் வலையை அடைத்துவிடுமாம். மரக்குச்சியாலும் துணியாலும் வழித்தெடுத்தார். சம்பையும் இறக்கிச் சுத்தம் செய்து, மூச்சுக்குழாயைத் திறந்து, புது எண்ணெய் ஊற்றினார். புகை பெரிதும் குறைந்தது. எஞ்சியது, வால்வுத் தண்டுகளின் சீல்களை மாற்றியபின் நின்றது.

அம்பாஸிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. 50 ஆண்டு கடந்த கார்களுக்கு விண்டேஜ் பதிவு வழங்க 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. எஞ்சினைப் பெரிதும் மாற்றாத வண்டிகளுக்கே அத்தகுதி. ஆதலின், பழைய வண்டி புகைந்தால் எஞ்சினை அறுக்க விரையாதீர்கள். ஏறிய எண்ணெய்க்கு இறங்க வழியுண்டா என்று முதலில் பாருங்கள்.