வீட்டுப் பாடல்களைக் கணினியில் சேர்ப்போம்

சிடி என்னும் குறுந்தட்டுகள் நம் வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. பாடவைக்கும் பெட்டிதான் பழுதாகிவிட்டது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். நல்ல யோசனைதான். எதிலிருந்து தொடங்குவது?

கடையில் வாங்கிய திரைப்படத் தட்டு கெட்டுப்போனால் வேறொருவரிடம் கிடைக்கக்கூடும். தாத்தா பாடிய காவடிப் பாட்டை வீட்டில் பதிந்து வைத்த தட்டு உலகத்திலேயே ஒன்றுதான். மேலும், கடைத்தட்டில் ஒலி நுண்ணிய பள்ளங்களாக அச்சாகியிருக்கும். வீட்டில் பதிந்த தட்டிலோ சாயப் பூச்சின்மேல் ஒளியால் எழுதப்பட்டிருக்கும். வெயிலும் புழுக்கமும் அந்தச் சாயத்தைக் கெடுத்துவிடும். ஆகவே முதலில் எடுக்க வேண்டியவை இவைதாம்.

தட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் ஒலித்தடத்தின் போக்கிலேயே ஓடிவிடும். குறுக்குக் கீறலையாவது கருவி ஓரளவு சரிசெய்துகொள்ளும். பெயர் எழுதும் மேற்பக்கம் பத்திரமானது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் பதிவு அதற்கு அடியில்தான் ஒட்டியிருக்கிறது. அங்கே பேனா முனையால் அழுத்தி எழுதலாகாது.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டுச் செருகும் இடம் இல்லை. யுஎஸ்பி கம்பியில் இணைக்கும் தனிக் கருவி வேண்டும். ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ போன்ற மென்பொருள், ஐயமுள்ள இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிழையைச் சொல்லும். நேரமாகும், பொறுத்திருப்போம்.

எந்த வடிவில் சேமிப்பது? ஒரு மணி நேரத் தட்டில் 600 மெகாபைட்டுக்குச் சற்று மேல் இருக்கும். எம்பி3 வடிவம் ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுச் சுருக்குகிறது. ஃபிளாக் வடிவம் எதையும் கழிக்காமலே ஏறத்தாழப் பாதியாக்குகிறது. ஃபிளாக்கிலிருந்து கைப்பேசிக்கு எம்பி3 எடுக்கலாம். எம்பி3இலிருந்து மூல ஒலியைத் திரும்பப் பெற முடியாது. 200 தட்டுகளும் 100 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே இடத்துக்காகக் கஞ்சத்தனம் வேண்டியதில்லை.

இனி, பெயரிடும் வேலை. திரைப்படத் தட்டானால் இணையத்தில் தேடிப் பாட்டுப் பெயர்களை மென்பொருளே நிரப்பும். அதிலும் குழப்பம் உண்டு. ஒரே இசையமைப்பாளரின் பெயர் ஆங்கிலத்தில் நான்கு விதமாக வந்து நிற்கும்! தமிழிலேயே ஒரே சீராகத் தட்டச்சு செய்துகொள்வது நல்லது. வீட்டுப் பதிவுக்கோ எந்த இணையமும் பெயர் சொல்லாது. இது யார் குரல், எந்தத் தோட்டத் திருவிழா, எந்த ஆண்டு என்பது பாட்டிக்குத்தான் தெரியும். அவரை அருகில் அமர்த்திப் போட்டுக் காட்டி, அவர் சொல்லச் சொல்ல அப்போதே பதிந்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இன்னொரு வன்தட்டில் மறுபடி எடுத்து, அதை உறவினர் வீட்டில் வைப்போம்.