கையடக்க இசை இயக்கிச் சில்லுகளை இனங்காணல்

கையடக்க இசை இயக்கியின் மின்சுற்றுப் பலகையிலுள்ள ஒவ்வொரு சில்லின் பணியையும் தயாரிப்பாளரையும் கண்டறிவதே சில்லு இனங்காணல் ஆகும். பழுது பார்ப்பதற்கும், 2001 இல் தொடங்கப்பட்ட ராக்பாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஒரு கருவிக்கு ஏற்ப எழுதுவதற்கும் இது இன்றியமையாதது.

முறைகள்

சில்லின் மேலுள்ள சின்னமும் பாக எண்ணும் முதன்மைத் தடயங்கள். நான்கு இலக்க எண் பெரும்பாலும் தயாரிப்புத் தேதியைக் குறிக்கும். 0634 என்பது 2006 ஆம் ஆண்டின் 34 ஆவது வாரம். இதனைப் பாக எண்ணாகக் கொள்ளலாகாது. சில நிறுவனங்கள் தம் சொந்த எண்ணைப் பொறிப்பதால் தரவுத்தாள் கிடைக்காது. அப்போது இணைப்புகளே வழிகாட்டும்: காதணித் துளையிலிருந்து வரும் தடங்கள் ஒலிச் சில்லையும், மின்கலத்திலிருந்து வருபவை மின்மேலாண்மைச் சில்லையும் காட்டும்.

எடுத்துக்காட்டு

2001 இல் வெளிவந்த முதல் ஐப்பாடில் போர்ட்டல்பிளேயர் நிறுவனத்தின் பிபி5002 செயலியும், எண்ணிம ஒலியை ஒப்புமை ஒலியாக மாற்றும் வுல்ப்சன் நிறுவனத்தின் டபிள்யூஎம்8721 சில்லும் இருந்தன.