641 ஆல் வகுபட்ட எண்

கடந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் 3, 5, 17, 257, 65,537 என்று எழுதினேன். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் கிடைப்பவை இவை. ஐந்தும் பகா எண்கள். "அடுத்ததும் பகா எண்தானா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு சரிபார்த்தபோதுதான் தவறு தெரிந்தது.

அடுத்த எண் 2³² + 1. அதாவது 4,29,49,67,297. நானூற்று இருபத்தொன்பது கோடிக்கும் மேல். (இதை வாசிக்க வைப்பதே ஒரு நல்ல பயிற்சி.)

மறுநாள் "நேற்று நான் சொன்னது தவறு" என்றே பாடத்தைத் தொடங்கினேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இதே இடத்தில் தவறியவர் சாதாரணமானவர் அல்லர். பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா, இவ்வகை எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று 1640-இல் நம்பினார். நிறுவ முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1732-இல் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார்.

நேரடியாகச் சோதிப்பதானால் 65,536 வரையுள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும் என ஆய்லர் காட்டினார். 65, 129, 193 என்று போகும் அந்த வரிசையில் 641 வரை உள்ள பகா எண்கள் ஐந்துதான்: 193, 257, 449, 577, 641. வகுப்பை ஐந்து குழுவாக்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். நீள்வகுத்தல் மட்டும், கைப்பேசி கிடையாது. 257 குழுவுக்கு மீதி 2. மீதி 0 வந்த குழு போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். ஈவு 67,00,417.

வகுக்காமலே காட்டவும் வழி உண்டு. இயற்கணிதம் கற்பிக்கும் எவரும் இதைத் தவறவிடக் கூடாது என்பேன்.

641 = 5⁴ + 2⁴. இருபுறமும் 2²⁸ ஆல் பெருக்கினால், 5⁴ × 2²⁸ + 2³² என்பது 641-இன் மடங்கு.

மேலும் 641 = 5 × 2⁷ + 1. இதில் 5 × 2⁷ = x எனக் கொண்டால், x⁴ − 1 = (x + 1)(x − 1)(x² + 1). இதில் x + 1 என்பதே 641. எனவே 5⁴ × 2²⁸ − 1 என்பதும் 641-இன் மடங்கு.

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1.

"அப்போ அதற்கடுத்த எண் சார்?" என்றாள் அதே மாணவி. இம்முறை அவசரப்படவில்லை, பார்த்துவிட்டு மறுநாள் சொன்னேன். 2⁶⁴ + 1 இருபது இலக்க எண். 2,74,177 ஆல் மீதியின்றி வகுபடும். வீட்டுப்பாடமாகக் கொடுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை மூன்று பேர் வகுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.