நோட் படிக்கும் செய்தியும் திரை காட்டும் செய்தியும்

கிரிப்டோ நாணயப் பரிவர்த்தனை எதுவாயினும், அந்த நாணயத்தின் கணக்கேட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சரிபார்க்கும் ‘நோட்’ என்னும் கணினியை அது முதலில் சென்றடைய வேண்டும். கைபேசிச் செயலியோ நிறுவன மென்பொருளோ அந்தக் கணினியிடம் வேலையை ஒப்படைக்கும் முறைக்குத் தொலைநிலைச் செயல் அழைப்பு, சுருக்கமாக ஆர்பிசி, என்று பெயர். தன்னிடமுள்ள ஒரு நிரலை இயக்குவதைப் போலவே வேறிடத்துக் கணினியிலுள்ள நிரலையும் இயக்கலாம் என்னும் இக்கருத்தை, ஜெராக்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகிய இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வுரை விரிவாக வகுத்தது. அழைப்பைப் பைட்டுகளின் வரிசையாக மாற்றுவது குறியாக்கம் எனப்படும். அந்த வரிசையிலிருந்து பொருளை மீட்டெடுப்பது குறிவிலக்கம். இந்தியர் ஏராளமானோரின் பணம் 2024-இல் பறிபோனது இவ்விரண்டுக்கும் இடையே இருந்த இடைவெளியில்தான் என்பதால், இது பொறியாளர்கள் மட்டும் அறிந்திருந்தால் போதும் என்று விட்டுவிடத்தக்க பொருளன்று.

எத்தீரியம் வலையமைப்பும், இந்தியர்கள் தொடங்கிய பாலிகன் போல அதன் வழியைத் தழுவியவையும், ஜேசன்-ஆர்பிசி 2.0 என்னும் வடிவத்தைப் பின்பற்றுகின்றன. இதில் ஒவ்வோர் அழைப்பும் ஒரு சிறு உரை. நெறிமுறையின் பதிப்பு, செய்ய வேண்டிய செயலின் பெயர், அதற்குரிய மதிப்புகள், அழைப்பின் அடையாள எண் ஆகியன அதில் இடம்பெறும். விடையிலும் அதே அடையாள எண் திரும்பி வருவதால், ஒரே நேரத்தில் பல கேள்விகளை அனுப்பியவர் எந்த விடை எதற்குரியது என்று பிரித்தறிய முடிகிறது.

பெயர்களைக் காட்டிலும் எண்களே அதிகக் கவனத்தைக் கோருகின்றன. ஓர் ஈத்தர் என்பது ஒன்றுக்குப் பின் 18 சுழிகள் வரும் எண்ணிக்கையிலான ‘வெய்’ என்னும் சிற்றலகுகளால் ஆனது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் வழக்கமான எண்வகையோ 9,00,71,99,25,47,40,991 வரைதான் முழு எண்களைப் பிசகின்றிக் கையாளும், அத்தனை வெய் சேர்ந்தாலும் ஓர் ஈத்தரின் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. இதனால்தான் எத்தீரியத்தில் தொகைகள் எண்களாக அனுப்பப்படாமல், பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண்முறையில் எழுதிய உரையாக அனுப்பப்படுகின்றன. அளவைக் குறிக்கும் உரையில் முன்சுழி வரக் கூடாது; 1,024 என்பது 400 என்றே எழுதப்படும். முகவரி போன்ற தரவைக் குறிக்கும் உரையிலோ ஒவ்வொரு பைட்டுக்கும் இரண்டு இலக்கங்கள் கட்டாயமாதலால், முன்சுழிகளை விட்டுவிட்டால் 40 இலக்க முகவரி குறைபட்டு, நோட் அந்த அழைப்பையே ஏற்க மறுத்துவிடும். இத்தகைய பிழைகள் உடனே வெளிப்பட்டுவிடுவதால் இழப்பு பெரிதாக நேர்வதில்லை. இலக்கணப்படி முற்றிலும் சரியாக இருந்து, பொருளில் மட்டும் மாறுபடும் செய்திகளே அஞ்சத்தக்கவை.

அது எவ்வாறு நேர்கிறது என்பதற்குப் பரிவர்த்தனையின் தரவுப் பகுதியைப் பார்க்க வேண்டும். வலையமைப்பின் மேல் உருவாக்கப்பட்ட நாணய அலகான டோக்கனை இன்னொருவருக்கு மாற்றும் கட்டளையில் முதல் 4 பைட்டுகள் செயலைக் குறிக்கும். அவை செயலின் பெயரையும் மதிப்பு வகைகளையும் ஒரு கணிதச் சார்பின் வழியே சுருக்கிப் பெறப்பட்டவை. அடுத்த 32 பைட்டுகள் பெறுபவரின் முகவரி, அதற்கடுத்த 32 பைட்டுகள் தொகை, ஆக மொத்தம் 68. எந்த இடத்தில் எது நிற்கிறது என்று சொல்லும் தலைப்போ அலகோ அதில் கிடையாது. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் பருத்தி மறைமுக ஏலத்தில் வியாபாரி எழுதித் தரும் எண், குவிண்டாலுக்கான விலை என்பதை எல்லோரும் முன்பே அறிந்திருப்பதால்தான் அது பொருள் பெறுகிறது. டோக்கனை நிர்வகிக்க வலையமைப்பில் பதிக்கப்பட்டிருக்கும் ஒப்பந்த நிரலுக்குச் செல்லும் தரவும் அவ்வாறு முன்கூட்டிய உடன்பாட்டையே முழுவதும் நம்பியிருக்கிறது. அந்த உடன்பாட்டை அறியாத கண்ணுக்கு 68 பைட்டுகளும் வெறும் எண்வரிசையாகவே தெரியும். நோட்டும் கையெழுத்து செல்லுமா, கணக்கில் இருப்பு உள்ளதா, விதிகள் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். கையெழுத்திட்டவர் எதை எண்ணிக் கையெழுத்திட்டார் என்பதை அறிய அதற்கு வழியே இல்லை.

2024 ஜூலை 18 அன்று இந்தியக் கிரிப்டோ பரிமாற்றகமான வாசிர்எக்ஸின் எத்தீரியம் பணப்பையிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள டோக்கன்கள் திருடப்பட்டன. அந்தப் பணப்பையில் கையெழுத்திடும் உரிமை ஆறு பேருக்கு இருந்தது: வாசிர்எக்ஸ் தரப்பில் ஐவர், பாதுகாப்புச் சேவை வழங்கிய லிமினல் தரப்பில் ஒருவர். லிமினலின் திரையில் காட்டப்பட்டதும் உண்மையில் கையெழுத்தானதும் வேறுவேறாக இருந்தன என்று வாசிர்எக்ஸ் அறிவித்தது. தங்கள் அமைப்பு ஊடுருவப்படவில்லை என்று லிமினல் மறுத்தது. பழி யாரைச் சேர்வதாயினும், பணப்பையின் கட்டுப்பாட்டையே மாற்றிவிடும் கட்டளைக்கு முறையான கையெழுத்துகள் கிடைத்துவிட்டன. வலையமைப்பு தனக்குரிய விதிகளின்படியே அதை நிறைவேற்றியது. இத்திருட்டு வட கொரியாவைச் சேர்ந்தவர்களின் செயல் என்று, ஜப்பானுடன் சேர்ந்து 2025 ஜனவரியில் வெளியிட்ட கூட்டறிக்கையில் அமெரிக்காவும் தென் கொரியாவும் அறிவித்தன.

திருட்டுக்குப் பிறகு முடக்கப்பட்ட தம் எக்ஸ்ஆர்பி நாணயங்களைப் பாதுகாக்கக் கோரி ஒரு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் சொத்தாகும், அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் இயலும் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். திருடப்பட்டவை எத்தீரியம் சார்ந்த டோக்கன்கள், இவருடையவை வேறு வகையைச் சேர்ந்தவை என்ற வேறுபாட்டை நீதிமன்றம் கருத்தில் கொண்டது குறிப்பிடத்தக்கது. பிறர் சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர், தாம் கையெழுத்திடும் பைட்டுகளின் பொருளை அறியக் கடமைப்பட்டவர் என்பது இதிலிருந்து இயல்பாகவே பெறப்படும்.

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் பரிமாற்றகத்தில் ஏறத்தாழ 150 கோடி டாலர் பறிபோனதும் திரைக்கும் கையெழுத்துக்கும் இடையிலான இதே இடைவெளியில்தான். இணையப் பக்கத்தின் நிரல் மாற்றப்பட்டிருந்ததால் திரையில் வழக்கமான பரிமாற்றமே தெரிந்தது; கையெழுத்துக்குச் சென்ற செய்தியிலோ, செயல்வகையைக் குறிக்கும் இடத்தில் சுழிக்குப் பதிலாக 1 இருந்தது. அந்த இலக்கம், வேறோர் ஒப்பந்தத்தின் நிரலைப் பணப்பையின் சொந்த அதிகாரத்தோடு இயக்கும் கட்டளையாகும்.

எனவே கட்டளையை உருவாக்கிய திரையையே அதன் பொருளைச் சொல்லவும் நம்புவது தகாது. மூலப் பைட்டுகளைத் தனியொரு கணினியில் குறிவிலக்கிப் படிப்பதும், அவற்றின் சுருக்கக் குறியீட்டை அங்கேயே கணக்கிட்டுக் கையெழுத்துக் கருவியின் திரையிலுள்ளதோடு ஒப்பிடுவதும், தன் பொறுப்பிலுள்ள நோட்டில் அந்தக் கட்டளையைக் கணக்கேட்டில் பதியாமல் ஓட்டிப் பார்ப்பதும் இன்றே செய்யக்கூடியவை. மூன்றாவதற்குரிய அழைப்பு எத்தீரியத்தின் ஆர்பிசி செயல்களிலேயே உள்ளது. அதை அழைக்கக் கையெழுத்தோ கட்டணமோ தேவையில்லை.