பழைய செல்போனில் தங்கம்! எடுப்பவர் நெஞ்சில் விஷம்!

பீரோவில் கிடக்கும் பழைய செல்போனைக் காயலான் கடையில் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்க!

அதில் தங்கம் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானியர் 2017 முதல் 2019 வரை பழைய செல்போன், கம்ப்யூட்டர்களைத் திரட்டினர். கிடைத்தது 32 கிலோ தங்கம்!

அங்கே அது தொழிற்சாலை வேலை. டில்லி சீலம்பூர் சந்துகளில் பல ஆண்டுகளாகப் பார்த்த காட்சியே வேறு. செம்புக்காக ஒயரைக் கொளுத்துவார்கள். தங்கத்துக்காக போர்டை ஆசிட்டில் முக்குவார்கள். பெரும்பாலும் வெறும் கைதான்! புகையும் ஈயமும் பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். ஈயம் பிஞ்சு மூளையைக் கெடுக்கும்.

பழைய சாமானுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று 2012 முதல் சட்டவிதி உண்டு. ஆனால் வாசலுக்கே வந்து ரொக்கம் நீட்டுபவர் காயலான் கடைக்காரர்தானே!

அடுத்த முறை புது போன் வாங்கும்போது, "பழசை எடுத்துக்குவீங்களா?" என்று கடையில் கேளுங்கள். போட்டோ, நம்பர்களை அழித்துவிட்டுக் கொடுங்கள்.